மேல்மலையனூர் வழியில் கொட்டுக்காளி

பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்ட் 23 அன்று திரைக்கு வந்தது. பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, கதாநாயகி கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை, முடிவையும் பார்ப்பவரிடமே விட்டுவிடுகிறார்கள். சூரி நடிக்கிறார், சிவகார்த்திகேயன் தயாரிப்பு என்பதை நம்பிப் போன பலருக்கு ஏமாற்றம். பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட அந்தப் படத்தைப் பெருநகர ரசிகர்களில் ஒரு சாரார் கொண்டாடினார்கள். இதைத் தியேட்டருக்குக் கொண்டுவந்ததே தப்பு என்ற பேச்சு திரைத்துறைக்குள்ளேயே எழுந்தது. இந்த மாதிரிப் படம் நகரத்துக்குத்தான் சரிப்படும், சின்ன ஊர்க்காரர்களுக்குப் பொறுமை இருக்காது என்ற எண்ணம்தான் அந்தப் பேச்சுக்கு அடியில் கிடக்கிறது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து மனிதர்களை அறிந்தவர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். அவலூர்ப்பேட்டை வழியாகப் போனால் மேல்மலையனூர் பக்கம்தான். அமாவாசை இரவில் அங்கே அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். பஸ், வேன், ஆட்டோ என்று கிடைத்த வண்டியில் ஏறிச் சனம் போகும். ‘காத்து கருப்பு அண்டிடுச்சி’ என்று சொல்லி அழைத்துவரப்படும் பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். தலைமுடி கலைந்து கிடக்கும், பார்வை எங்கோ நிலைகுத்தி இருக்கும். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அத்தை, முன் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணன். ‘கொட்டுக்காளி’யின் கதை இதுவேதான். வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, ஆட்டோவிலும் பைக்குகளிலும் குலசாமி கோயிலுக்கும் அங்கிருந்து ஒரு சாமியாரிடமும் கூட்டிப்போகிறார்கள். கூட வருகிறவன் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டிய முறைக்காரன் பாண்டி.

நகரத்து ரசிகரை இந்தப் படத்தில் இழுப்பது எது? முதலில் அதன் நிதானம். மாதம் முழுக்க இரைச்சலான படங்களைப் பார்த்தவருக்கு, செருப்புச் சத்தமும் ஆட்டோ இஞ்சினும் மட்டும் கேட்கிற ஒரு படம் மரியாதை தருகிறது. இங்கே அழு, இங்கே பயப்படு என்று யாரும் வயலின் வாசித்துச் சொல்வதில்லை. அடுத்தது, கண்டுபிடிக்கும் சுகம். தொண்டை கட்டிய பாண்டியின் கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறது. ஊரையே அதட்டும் ஆணுக்குக் குரல் வரவில்லை என்று அவர் அதைக் குறியீடாக வாசிக்கிறார். தவறில்லை. எங்கள் பக்கத்துப் பாட்டிக்கு அது வெறும் கைவைத்தியம். அந்தச் சுண்ணாம்பைப் பார்த்தவுடன், பாண்டி தனக்குத் தெரிந்த வீட்டுப் பையன் என்று அவள் முடிவுசெய்துவிடுவாள். அதன் பிறகு அவன் கை ஓங்கும்போது அவளுக்கு விழும் அடி வேறு மாதிரியானது.

அந்தக் காட்சிதான் படத்தின் உயிர். வழியில் ஒலிபெருக்கியில் ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடுகிறது. மீனாவின் உதடு அதோடு சேர்ந்து லேசாக அசைகிறது. பாண்டி பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான், அவளை அடிக்கிறான், தடுக்க வந்தவர்களையும் அடிக்கிறான். அடித்து முடித்ததும் வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. மன்னிப்புக் கேட்பவர் இல்லை, அழுது புலம்புபவர் இல்லை, யாரும் திரும்பிப் போகவும் இல்லை. நம் குடும்பங்களில் அடி இப்படித்தான் விழுகிறது. விழுந்த பிறகு சாப்பாட்டு நேரம் வந்துவிடுகிறது. பின்னணி இசை இருந்திருந்தால் அந்தக் கொடூரம் ஒரு ‘சீன்’ ஆகிப்போயிருக்கும். சக்திவேலின் கேமரா நெருங்கிப் போகாமல் நின்று பார்ப்பதும் சரியான முடிவு.

குறையும் இந்தப் பாணிக்குள்தான் இருக்கிறது. காலில் கயிறு கட்டிய பலிச்சேவலும், கட்டுண்ட மீனாவும் ஒன்று என்று முதல் சில நிமிடங்களிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் படம் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு அடக்கமான படத்துக்கு அந்த வற்புறுத்தல் தேவையில்லை. எனக்கு அதைவிடப் பெரிய மனக்குறை மீனாவின் மௌனம். மீனாவாக நடிக்கும் அன்னா பென்னின் கண்கள் அதைத் தாங்குகின்றன என்பது உண்மை. ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்பதைவிட, அவளைச் சுற்றியிருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதிலேயே படத்துக்கு அக்கறை அதிகம். அவள் விரும்பியவன் ஒரு பேச்சாக மட்டுமே வந்து போகிறான். சாதிதான் இந்தப் பயணத்தின் காரணம். அந்தக் காரணத்தின் மறுபக்கத்தில் நிற்பவனுக்குப் படத்தில் இடமில்லை. பார்ப்பவரின் கோபம் மூடநம்பிக்கையின் மேலும் ஆண் திமிரின் மேலும் இறங்கிவிட, சாதி தப்பித்துக்கொள்கிறது. நகரத்தில் இந்தப் படம் சிரமமில்லாமல் பாராட்டப்பட இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பேயோட்டுவது கிராமத்து விவகாரம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். மணமகள் தேவை விளம்பரத்தில் சாதிப் பெயர் போடும் தன் வீட்டை அது தொடுவதில்லை.

முடிவும் அப்படியே. சாமியார் வேறொரு பெண்ணுக்குச் செய்யும் சடங்கைப் பார்த்த பாண்டிக்குள் ஏதோ அசைகிறது. என்ன செய்தான் என்று படம் சொல்லவில்லை. மல்டிபிளெக்ஸில் அந்தக் கேள்வி காபியோடு விவாதிக்கத் தக்கது. அமாவாசைக்கு வண்டி பேசி வைத்திருக்கும் வீட்டில் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த வீட்டுக்குப் படம் போய்ச் சேருவதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. வினோத்ராஜின் முதல் படம் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. ஆஸ்கருக்கு இந்தியாவின் படமாகவும் போனது. இங்கே 2023-இல் நேராக ஓடிடிக்கு வந்தது. அதன் கடைசிக் காட்சியில், ஊற்றுக் குழியில் சொட்டுச் சொட்டாகச் சேரும் தண்ணீரைப் பெண்கள் முறைவைத்து அள்ளுகிறார்கள். அதை ஒரு செல்போன் திரையில் பார்ப்பது எப்படிப் போதும்? ‘கொட்டுக்காளி’ வந்த அதே நாளில் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்து நன்றாக ஓடியது. ஆகவே கனமான கதை என்றால் சனம் வராது என்பதும் பொய். இசையோடு கைபிடித்து அழைத்துப்போகிறது அந்தப் படம்; இது தனியாக நடந்து வரச் சொல்கிறது. தனியாக நடந்து வருபவர்களுக்கு வெள்ளிக்கிழமை ரிலீஸும் நான்கு காட்சிகளும் சரியான வழி கிடையாது.

வேறு வழி ஏற்கெனவே இருந்திருக்கிறது. ‘அக்ரஹாரத்தில் கழுதை’யைத் தமிழில் எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ஒடேசா என்ற அமைப்பின் மூலம் மக்களிடம் சிறு சிறு தொகையாக வசூலித்து 1986-இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். கலை இலக்கிய இரவு என்றால் விடிய விடியத் தரையில் உட்கார்ந்து கேட்கும் கூட்டம் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஓடாத ஒரு படம் ஒரு பொருட்டே அல்ல.

ஆகவே தயாரிப்பாளர்களுக்கும் திரைப்பட இயக்க நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாண மண்டபம் பிடியுங்கள். அமாவாசைக்கு முந்தைய நாள் சாயங்காலம் ‘கொட்டுக்காளி’யைப் போடுங்கள். பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள், படம் முடிந்ததும் மைக்கை முதலில் அவர்களிடம் கொடுங்கள்.