ஒரு சோடிச் சிரட்டை

மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் கடைப்பக்கம் அனுப்புவதில்லை. குசினிக்குப் போங்கள், தேங்காய் துருவி முடித்த சிரட்டை இரண்டை எடுங்கள், தும்பு போகச் சுரண்டி, விளிம்பை அரத்தால் மழுக்கி, பிள்ளையின் கையில் கொடுங்கள் என்பேன். பிறகு எதிரே நீங்களும் ஒரு சோடியோடு சப்பாணி கட்டி இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

எங்கள் ஊர் முன்பள்ளியில் பிள்ளைகளோடு இருந்து தாளம் போடும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. சிரட்டைகள், வாயில் சைக்கிள் ரியூப்பை இழுத்துக் கட்டிய பால்மாப் பேணிகள், பயறு போட்டு இறுக மூடிய சின்னப் போத்தல்கள், பசனையில் தட்டும் சல்லாரி ஒரு சோடி. இவ்வளவுதான் அங்கே உள்ள வாத்தியம். சல்லாரிக்கு எப்போதும் அடிபிடி!

எனக்கு மிகவும் பிடித்தது நிறுத்தும் விளையாட்டு. ரீச்சர் பேணியில் தட்டும்வரை எல்லாரும் தட்டலாம். அவர் கை நின்றால் எல்லாக் கையும் நிற்க வேண்டும். ஆசை பொங்கும் கையைத் தானே பிடித்து நிறுத்துவது அந்த வயதில் எவ்வளவு பெரிய வேலை! உதட்டைக் கடித்து, மூச்சைப் பிடித்து, சிரட்டையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு ரீச்சரின் கையையே பார்த்திருப்பார்கள். "பொறு, பொறு" என்று நாள் முழுக்கச் சொல்லி வராத பொறுமை இங்கே தானாக வருகிறது.

அடுத்தது சொல் தட்டுவது. தோசைக்கு இரண்டு தட்டு. பனங்காய்ப் பணியாரத்துக்கு? ப-னங்-காய்ப்-ப-ணி-யா-ரம், ஏழு! அந்த ஏழும் சரியாக விழுந்தால் கூரை கிழியும் சிரிப்பு. ஏடு தொடக்குமுன்பே ஒரு சொல்லுக்குள் எத்தனை துண்டு ஒலி இருக்கிறது என்று பிள்ளையின் காது பிரித்துவிடுகிறது. பின்னால் எழுத்துக் கூட்டி வாசிக்க இதைவிட நல்ல அத்திவாரம் எனக்குத் தெரியாது.

வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை இருந்தாள். நான் இரண்டு தட்டினேன், அவளும் இரண்டு. நான் மூன்று, அவளும் மூன்று. பிறகு அவளே ஐந்து தட்டிவிட்டு, முடிந்தால் செய் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அவளிடம் நான் கேட்ட முதல் சொல் "இன்னொருக்கா". அந்தச் சந்தோசத்தை எப்படி எழுதுவது!

எதிரே ஓர் ஆள் இருந்து தட்டுவதன் பலனை ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள். 2009இல் ஜேர்மனியில் கிர்ஷ்னரும் தொமசெல்லோவும் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வயதுப் பிள்ளைகள்கூட இயந்திரத்தோடு தட்டுவதைவிட எதிரே ஓர் ஆள் இருந்து தட்டும்போது தாளத்தோடு நன்றாக ஒத்துப்போனார்கள். அதற்கு முன் 2005இல், கனடாவில் ஏழு மாதக் குழந்தைகளை ஒரே தாளத்துக்குச் சிலரை ஒவ்வோர் இரண்டாம் தட்டிலும் சிலரை ஒவ்வொரு மூன்றாம் தட்டிலும் தூக்கித் துள்ளவைத்தார்கள். பிறகு தங்களைத் துள்ளவைத்த கணக்கில் அழுத்தம் விழுந்த தாளத்தையே குழந்தைகள் கூடுதல் நேரம் விரும்பிக் கேட்டன. இன்னொருவர் துள்ளுவதைச் சும்மா பார்த்திருந்த குழந்தைகளிடம் அந்த விருப்பம் இல்லை! பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துப் பாட்டு வீடியோ போடும் தாய்தகப்பன்மார் இதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். தாளம் உடம்பால் உள்ளே போகிறது.

யாழ்ப்பாணத்தில் இதை நாங்கள் புதிதாகப் படிக்கவேண்டியதில்லை. இணுவிலும் அளவெட்டியும் தவில்காரரின் ஊர்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தமிழ்நாடே கொண்டாடியது. அந்தக் கலையும் "தகிட", "தகதிமி" என்று வாயால் சொல்லி, கையால் தட்டி, குருவின் எதிரே இருந்துதான் பழகப்படுகிறது. நல்லூர்த் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் தகப்பனின் தோளில் இருக்கும் குழந்தையின் காலைக் கவனியுங்கள். ஆடிக்கொண்டே இருக்கும்.

செய்யும்போது மூன்று கவனம். போத்தல் மூடியைப் பசைபோட்டு ஒட்டிவிடுங்கள். உள்ளே உள்ளது பிள்ளையின் வாய்க்கோ மூக்குக்கோ போகக் கூடாது. வடிவாக இருக்கிறதென்று குன்றிமணியை மட்டும் போடவே வேண்டாம், அது நஞ்சு. பேணிச் சத்தம் காதைக் குத்தினால் தடியின் நுனியில் துணி சுற்றுங்கள்.

இப்போது முன்பள்ளியில் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டுக்குச் சிரட்டைத் தாளம் பழகுகிறோம். கூழும் கொழுக்கட்டையும் தாய்மாரின் பொறுப்பு. சல்லாரி யாருக்கு என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.