உளவுத்தலைவரின் உறுதி: ஏலி ஸெய்ராவை எடைபோடுதல்

1973 அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை. சூயஸ் கால்வாயின் மேற்குக் கரையில் எகிப்தியப் படைகள் குவிந்திருந்தன. கோலான் குன்றுகளுக்கு எதிரே சிரியாவின் டாங்கிகள் அணிவகுத்து நின்றன. இரு நாடுகளிலும் இருந்த சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்களை மாஸ்கோ அவசர அவசரமாக விமானமேற்றி அழைத்துக்கொண்டிருந்தது. இவை அனைத்தும் இஸ்ரேலின் ராணுவ உளவுத்துறையான அமானுக்குத் தெரியும். அப்படியும் அதன் தலைவர் மேஜர் ஜெனரல் ஏலி ஸெய்ரா, போர் மூளும் வாய்ப்பு குறைவு என்றே ஆட்சியாளர்களிடம் சொன்னார். மறுநாள், யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று, பிற்பகல் இரண்டு மணிக்கு இரு முனைகளிலும் தாக்குதல் தொடங்கியது. மூன்று வாரம்கூட நீடிக்காத அந்தப் போரில் இஸ்ரேல் 2,600க்கும் அதிகமான படைவீரர்களை இழந்தது. எகிப்து, சிரியா தரப்பின் இழப்பு அதைவிடப் பல மடங்கு.

அன்றிலிருந்து, தவறாகக் கணித்தவர் என்றே ஸெய்ராவை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு போதுமானதல்ல. எதிரியின் மனத்தைக் கணிப்பதில் பிழை நேராத உளவு அதிகாரி எங்கும் இல்லை. முடிவெடுக்க வேண்டியவர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டிய ஐயத்தை அவர் தன்னிடமே நிறுத்திக்கொண்டார். அவருடைய பெரிய குற்றம் அதுதான். அப்படி நிறுத்திக்கொள்ளும் அதிகாரத்தை ஒரே மனிதரிடம் கொடுத்து வைத்திருந்த முறைக்கும் அதில் பங்குண்டு.

முதலில் அந்த முறையின் வலிமையைப் பார்க்க வேண்டும். 1928இல் ஹைஃபாவில் பிறந்த ஸெய்ரா, வாஷிங்டனில் ராணுவ இணைப்பதிகாரியாக இருந்துவிட்டு 1972 அக்டோபரில் அமானின் தலைமையை ஏற்றார். கூர்மையான அறிவு, தயக்கமில்லாத பேச்சு என்று அவரைக் குறைகூறியவர்களும் ஒப்புக்கொண்ட குணங்கள் அவருக்கு இருந்தன. தெளிவான, கூர்மையான மதிப்பீடு தருவதே உளவுத்தலைவர் தளபதிக்குச் செய்யும் சிறந்த உதவி என்று அவர் நம்பினார். அது தவறினால் தவறும் கூர்மையாகவே இருக்கும் என்பதையும் அறிந்திருந்தார். இதில் நியாயம் இருக்கிறது. இஸ்ரேலியப் படையின் பெரும்பகுதி, வயலிலும் ஆலையிலும் வேலை செய்யும் சேமப்படையினர். அவர்களை அழைத்தால் நாட்டின் பொருளாதாரமே நின்றுபோகும். வரலாம், வராமலும் இருக்கலாம் என்று மழுப்பும் அறிக்கையை வைத்துக்கொண்டு ஒரு தளபதியால் என்ன செய்ய முடியும்?

1973இன் வசந்த காலத்தில் இந்த உறுதி சோதிக்கப்பட்டது. எகிப்து தாக்கக்கூடும் என்ற தகவல்கள் வந்தன. தலைமைத் தளபதி தாவீத் எலாசர் பெரும் செலவில் படைகளைத் தயார்நிலைக்குக் கொண்டுவந்தார். போர் வராது என்றார் ஸெய்ரா, வரவில்லை. அந்த வெற்றி அவருடைய சொல்லுக்கு அளவுக்கு மீறிய மதிப்பைத் தந்தது. ஆனால் சரியாகச் சொன்னதால் மட்டும் அவருடைய காரணம் சரியாகிவிடவில்லை.

அந்தக் காரணத்தை இஸ்ரேலியர்கள் பின்னாளில் ‘கருத்தாக்கம்’ என்றே பெயரிட்டு அழைத்தார்கள். இஸ்ரேலின் விமானத் தளங்களைத் தாக்கவல்ல நெடுந்தூரப் போர்விமானங்களும் ஏவுகணைகளும் கிடைக்கும்வரை எகிப்து போருக்கு வராது. எகிப்து இல்லாமல் சிரியா வராது. இது கற்பனையில் பிறந்ததல்ல. எகிப்தின் முன்னாள் அதிபர் நாசரின் மருமகனும் அப்போதைய அதிபர் சதாத்தின் நம்பிக்கைக்குரியவராக விளங்கியவருமான அஷ்ரஃப் மர்வான், இஸ்ரேலின் வெளிநாட்டு உளவு அமைப்பான மொசாத்துக்குத் தந்த உண்மையான ஆவணங்கள் இதற்கு அடிப்படையாக இருந்தன. ஆனால் 1972 அக்டோபரில் சதாத் தன் போர் அமைச்சரை நீக்கிவிட்டு வேறு வழியில் இறங்கினார். விமான எதிர்ப்பு ஏவுகணைகளின் பாதுகாப்பில் கால்வாயைக் கடந்து ஒரு கீற்று நிலத்தை மட்டும் பிடிப்பது என்ற சிறிய போருக்கு நெடுந்தூர விமானங்கள் தேவையில்லை. அடிப்படை நீங்கிய பிறகும் முடிவு மட்டும் அமானில் அசையாமல் நின்றது. அதன்பின் வந்த அடையாளங்களெல்லாம் அந்த முடிவுக்கு ஏற்பவே வாசிக்கப்பட்டன. எகிப்தியப் படைக்குவிப்புக்கு இலையுதிர்காலப் பயிற்சி என்று பொருள் சொல்லப்பட்டது. சிரியாவின் அணிவகுப்புக்கு, செப்டம்பர் 13 வான்சண்டையில் விமானங்களை இழந்ததால் வந்த அச்சம் காரணமாகக் காட்டப்பட்டது.

மாற்றுக் குரல்கள் இல்லாமல் போகவில்லை. செப்டம்பர் 25 அன்று ஜோர்தான் மன்னர் ஹுசைன் ரகசியமாக வந்து பிரதமர் கோல்டா மேயரைச் சந்தித்து, சிரியப் படைகள் தாக்குதலுக்கான நிலையில் நிற்பதாக எச்சரித்தார். தெற்குப் படைமண்டலத்தின் உளவுப்பிரிவில் பணியாற்றிய இளம் லெப்டினன்ட் பின்யாமின் சிமான் டோவ், பயிற்சி என்பது போருக்கான மறைப்பாக இருக்கலாம் என்று அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு முறை எழுதினார். அவருடைய மேலதிகாரி அதை மேலே அனுப்பவே இல்லை. எகிப்தின் தகவல்தொடர்பை ஒட்டுக்கேட்கும் ரகசியச் சாதனங்களைப் பற்றிய குற்றச்சாட்டு இன்னும் கடுமையானது. அவற்றை உரிய நேரத்தில் இயக்காமல், அவை இயங்கியும் அபாயக்குறி எதுவும் கிடைக்கவில்லை என்ற எண்ணத்தை ஸெய்ரா மேலிடத்தில் ஏற்படுத்தினார் என்கிறார் இந்தப் போரின் உளவுத்தோல்வியை விரிவாக ஆராய்ந்த ஊரி பார் யோசெஃப். இது உண்மையானால், தவறாகக் கணித்தார் என்ற வரம்புக்குள் இது அடங்காது. தளபதி முடிவெடுக்க நின்ற தரையையே அது பொய்யாக்கிவிட்டது.

ஸெய்ராவின் பக்கமும் கேட்கப்பட வேண்டியது. எகிப்தின் போர்த்திட்டத்தை அமான் முன்பே விரிவாகப் படைக்குத் தந்திருந்தது. படைக்குவிப்பின் விவரங்கள் தளபதிக்கும் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயானுக்கும் மறைக்கப்படவில்லை. 1967 போர் வெற்றியின் களிப்பில் அரபுப் படைகளை இளக்காரமாக எண்ணியது நாடு முழுவதும் பரவியிருந்த நோய். அப்படியிருந்தும், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஷிமோன் அக்ரநாத் தலைமையிலான ஆணையம் 1974 ஏப்ரலில் தந்த இடைக்கால அறிக்கை ஸெய்ராவையும் எலாசரையும் பதவியிலிருந்து நீக்கச் சொன்னது. மேயர், தயான் இருவரையும் குறைகூறாமல் விட்டது. சீருடை அணிந்தவர்களுக்குத் தண்டனை, அவர்களுக்கு ஆணையிட்டவர்களுக்கு விலக்கு என்ற அந்தப் பாகுபாட்டை இஸ்ரேலிய மக்கள் ஏற்கவில்லை. தெருவில் எழுந்த எதிர்ப்பில் அதே மாதம் மேயர் பதவி விலகினார்.

அநீதியாகப் பழிசுமத்தப்பட்டவர் என்ற அனுதாபத்தை ஸெய்ராவே பின்னர் குலைத்துக்கொண்டார். 1993இல் வெளியிட்ட நூலில், மர்வான் இஸ்ரேலை ஏமாற்றிய இரட்டை உளவாளி என்ற வாதத்தைப் பெயர் சொல்லாமல் முன்வைத்தார். மர்வானின் பெயர் கசிய ஸெய்ராவே காரணம் என்று மொசாத்தின் முன்னாள் தலைவர் ஸ்வி ஸமிர் குற்றம் சாட்டினார். அவதூறு என்று ஸெய்ரா தொடுத்த வழக்கு, ஓய்வுபெற்ற நீதிபதி தியோடர் ஓரின் நடுவர் தீர்ப்புக்குப் போனது. ஸமிர் சொன்னதே உண்மை என்று 2007இல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூன் 27 அன்று லண்டனில் தன் வீட்டு மாடியிலிருந்து விழுந்து மர்வான் இறந்தார். சாவின் காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. போருக்கு முந்தைய இரவு ஸமிரை லண்டனில் சந்தித்து, நாளை போர் என்று எச்சரித்தவர் அவர். தன் பெயரைக் காக்க ஓர் ஒற்றரின் அடையாளம் வெளிப்பட வழிசெய்வதை எந்த உளவுத்துறையும் மன்னிக்காது, மன்னிக்கவும் கூடாது.

அக்ரநாத் ஆணையம் முறையையும் திருத்த முனைந்தது. மதிப்பிடும் பணி அமானின் தனியுரிமையாக இருக்கக் கூடாது என்று சொல்லி, மொசாத்திலும் வெளியுறவு அமைச்சகத்திலும் ஆய்வுப்பிரிவுகளை வலுப்படுத்தச் சொன்னது. பெரும்பான்மைக் கருத்தை மறுத்து வாதிடுவதையே வேலையாகக் கொண்ட பிரிவு அமானுக்குள் உருவானது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்கியபோது அதே அமான் அதே விதமாகத் திகைத்து நின்றது. ஹமாஸ் அடங்கிவிட்டது, இப்போதைக்குப் போரை விரும்பவில்லை என்ற நம்பிக்கை கீழ்நிலையிலிருந்து வந்த எச்சரிக்கைகளை மூடியிருந்தது. அதன் விலையை இஸ்ரேலியர்களும், தொடர்ந்து வந்த போரில் பல்லாயிரக்கணக்கான காசா மக்களும் உயிரால் செலுத்தினார்கள். அமான் தலைவர் அஹரோன் ஹலிவா பொறுப்பேற்று 2024 ஏப்ரலில் பதவி விலகலை அறிவித்தார்.

அமைப்பில் எத்தனை பிரிவுகளைச் சேர்த்தாலும், மேலிடத்துக்குச் செல்லும் சொல்லின் வடிவம் மாறாவிட்டால் பயனில்லை என்பதற்கு இந்த இரண்டு அக்டோபர்களும் சாட்சி. உளவுத்தலைவர் துணிந்து முடிவு சொல்லட்டும். அந்த அளவில் ஸெய்ராவின் கொள்கை சரி. கூடவே, அந்த முடிவு எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது, அந்த அனுமானம் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, என்ன நடந்தால் முடிவை மாற்றிக்கொள்வேன், தன் துறைக்குள் யார் மறுக்கிறார்கள் என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும். ஸெய்ரா அன்று இவற்றைச் சொல்லியிருந்தால் போர் தடுக்கப்பட்டிருக்கும் என்று நான் வாதிடவில்லை. சேமப்படையை ஒரு நாள் முன்னதாக அழைக்கும் வாய்ப்பாவது எலாசருக்குக் கிடைத்திருக்கும். கால்வாய்க் கரைக் காவலரண்களில் ஆதரவின்றிச் சிக்கிய இளைஞர்களில் பலர் பிழைத்திருக்க அந்த ஒரு நாளே போதுமானதாக இருந்திருக்கும்.