நிறம் நீங்கிய பூக்கள்: வெண்மையே உரைகல்

கறுப்பு வெள்ளையில் பூக்களைப் படமெடுத்தவர்களின் வரலாற்றைப் பெரும்பாலும் ஒரு சண்டையாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். ஒரு பக்கம், மங்கலான லென்ஸில் பூவைக் கனவுபோலக் காட்டிய ஓவியப்பாணிக்காரர்கள். மறுபக்கம், இதழின் நரம்புவரை கூர்மையாகக் காட்டியே தீருவோம் என்றவர்கள். கதை பொய்யல்ல. ஆனால் லென்ஸின் கூர்மையை மட்டும் வைத்து இந்த மரபை அளந்துவிட முடியாது என்பது என் கருத்து. எந்தப் பாணியில் எடுத்ததானாலும், காலம் கடந்து நிற்கும் பூப்படங்களில் ஒரு பண்பு பொதுவாக இருக்கிறது. தாளில் விழுந்த அச்சில், இதழின் வெளிர்ப்பகுதி வெற்று வெள்ளையாக வெளுத்துப் போகாமல், மெல்லிய சாம்பல் படிகளாகப் பிரிந்து தெரிகிறது. இதழின் மென்மை, மடிப்பு, வளைவு எல்லாம் அந்தப் படிகளில்தான் அடங்கியிருக்கின்றன. பூப்படத்தின் தரத்தைக் கடைசியில் தீர்மானிப்பது கேமரா அல்ல, அச்சு.

இந்த மரபுக்கு அடித்தளமிட்ட இரண்டு வேலைகள் ஒரே ஆண்டில், 1873-இல், நடந்தன. பெர்லினில் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் கண்ணாடித் தகடு நீலம் தவிர்ந்த நிறங்களையும் உணரும் என்று கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் வில்லியம் வில்லிஸ் பிளாட்டினம் அச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதலாவது பூவின் நிறத்தைச் சாம்பலாக மாற்றுவது பற்றியது. இரண்டாவது அந்தச் சாம்பலைத் தாளில் தக்கவைப்பது பற்றியது. ஃபோகலுக்கு முந்தைய தகடுகள் நீலத்தை மட்டுமே உணர்ந்ததால், கண்ணுக்குப் பளிச்சென்ற மஞ்சள் பூ அவற்றில் கறுத்து விழுந்தது. நீலப் பூ வெளுத்தது. பிறகு வந்த ஆர்த்தோகுரோமாட்டிக் தகடு பச்சையை உணர்ந்தாலும் சிவப்புக்குக் குருடாகவே இருந்தது. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் படச்சுருளிலோ புதிய சிக்கல் வந்தது. செம்பருத்தியின் சிவப்பும் அதன் இலையின் பச்சையும் கண்ணுக்கு எவ்வளவு வேறுபட்டாலும் படத்தில் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடக்கூடும். சிவப்பு ஃபில்டர் போட்டால் இதழ் வெளிறி இலை இருளும். பச்சை ஃபில்டர் போட்டால் இதழ் இருண்டு இலை ஒளிரும். இரண்டில் எது உண்மை என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. எடுப்பவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆகவே கறுப்பு வெள்ளைப் பூப்படம் என்பது நிறத்தைக் கழித்த மிச்சமல்ல. ஒவ்வொரு நிறத்துக்கும் எந்தச் சாம்பல் என்று ஒருவர் எடுத்த முடிவு.

ஓவியப்பாணியில் எனக்கு உச்சமாகத் தோன்றுவது பாரன் அடால்ஃப் டி மேயரின் பூப்படங்கள். ஸ்டீக்ளிட்ஸின் ‘கேமரா வொர்க்’ இதழ் 1908-இல் அவற்றை வெளியிட்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் கிடக்கும் அவருடைய அல்லிகளில் கூர்மை குறைவுதான். ஆனால் பிளாட்டினம் அச்சில் உருவம் தாளின் இழைகளுக்குள்ளேயே படிவதால், வெளிர்ச் சாம்பல்கள் ஒன்றிலிருந்து ஒன்று மெல்லப் பிரிந்து, கிண்ணமும் நீரும் இதழும் தனித்தனியாக நிற்கின்றன. முதல் உலகப் போரில் பிளாட்டினம் போர்த் தேவைக்குப் போனது. விலை ஏறி, அந்தத் தாள் சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. இடத்தைப் பிடித்தது வெள்ளி உப்பு பூசிய ஜெலட்டின் தாள். இந்த மாற்றத்தை ஒரே வாழ்க்கையில் கடந்தவர் இமோஜன் கன்னிங்ஹாம். வேதியியல் படித்தவர், சியாட்டில் நகரில் எட்வர்டு கர்ட்டிஸின் ஸ்டூடியோவில் பிளாட்டினம் அச்சு போடக் கற்றவர், 1909-இல் டிரெஸ்டன் சென்று பிளாட்டினம் தாளைப் பற்றியே ஆராய்ந்தவர். அவர்தான் 1925 வாக்கில் ‘மக்னோலியா பிளாசம்’ படத்தை எடுத்தார். பின்னர் 1932-இல் சான்பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில், கூர்மையையே கொள்கையாகக் கொண்ட ‘எஃப்/64’ குழு தன் முதல் கண்காட்சியை நடத்தியபோது அதில் ஒருவராகவும் நின்றார். கூர்மைக் கட்சியின் அந்த மக்னோலியாவில் பார்வையைப் பிடித்து நிறுத்துவது கூர்மை மட்டுமா? சட்டகம் முழுவதையும் நிறைக்கும் வெள்ளை இதழ்களில் எந்த மூலையும் வெறுமையாக இல்லை. பிளாட்டினம் பழக்கிய கண்ணை அவர் வெள்ளித் தாளுக்குக் கொண்டு வந்தார் என்றே நான் கொள்கிறேன். அதே 1932-இல் அன்செல் ஆடம்ஸ் எடுத்த ‘ரோஸ் அண்ட் டிரிஃப்ட்வுட்’ படமும் வடக்கு ஜன்னலின் மென்மையான ஒளியில் எடுத்ததுதான். நேர்வெயிலில் அந்த ரோஜாவின் மெல்லிய இதழ்கள் அப்படி அடுக்கடுக்காகப் பிரிந்திருக்காது.

கார்ல் பிளாஸ்ஃபெல்ட்டைக் காட்டி இதை மறுக்கலாம். பெர்லின் கலைத்தொழில் பள்ளி ஆசிரியரான அவர், மாணவர்களுக்கு வடிவமைப்பு கற்பிக்கவே செடிகளைப் பெரிதாக்கிப் படமெடுத்தார். 1928-இல் 120 படங்களோடு வந்த ‘ஊர்ஃபோர்மன் டெர் குன்ஸ்ட்’ நூல் அவரை உலகறியச் செய்தது. அங்கே பேசுவது உருவந்தானே, சாம்பல் படிகளா என்று கேட்கலாம். வெற்று அட்டைப் பின்னணியில், பரவலான பகல் வெளிச்சத்தில் எடுத்ததால்தான் சுருண்ட பெரணித் தளிர் இரும்பில் அடித்த சிற்பம்போல உருண்டு தெரிகிறது. ஓரம் மட்டும் கூர்மையாக இருந்திருந்தால் அது வெறும் நிழலுருவாக நின்றிருக்கும். ஆனாலும் பூ என்ற அளவில் பார்த்தால் பிளாஸ்ஃபெல்ட் சற்று வறண்டவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய வலிமை தண்டிலும் மொட்டிலும் விதையுறையிலும் இருக்கிறது. விரிந்த இதழில் அவ்வளவாக இல்லை. 1929-இல் ஸ்டுட்கார்ட்டில் நடந்த ‘ஃபில்ம் உண்ட் ஃபோட்டோ’ கண்காட்சியில் அவர் படங்களும் கன்னிங்ஹாமின் படங்களும் இடம்பெற்றன. இதழின் ஒளியில் கன்னிங்ஹாமே மேல் என்பது என் தீர்ப்பு. பின்னாளில் ராபர்ட் மேப்பிள்தார்ப்பின் கல்லா லில்லிகள் கறுப்பின் ஆழத்தால் பெயர் பெற்றன. அவருடைய அச்சுகளை நீண்ட காலம் போட்டவர் டாம் பாரில் என்ற தனி வல்லுநர். அச்சு எவ்வளவு பெரிய தனி வேலை என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த வேலையின் கடினம் தாளிலேயே இருக்கிறது. ஒரு வெள்ளை இதழின் ஒளிமிக்க இடத்துக்கும் மங்கிய இடத்துக்கும் உள்ள வேறுபாடு மிகக் குறைவு. அந்தக் குறுகிய வீச்சு முழுவதும் தாள் தன் படிகளை நெருக்கிவிடும் வெளிர்முனையில் போய் விழுகிறது. கான்ட்ராஸ்ட் கூடிய தாளில் போட்டால் இதழ் பிரியும், நிழல் அடைத்துக்கொள்ளும். குறைந்த தாளில் நிழல் திறக்கும், இதழ் சுண்ணாம்பாகும். ஆகவே இருட்டறையில் இதழுக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்தும், நிழலைக் கையால் மறைத்தும் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது. ஈரத்தில் சரியாகத் தெரிந்த அச்சு காய்ந்ததும் சற்றுக் கறுக்கும். பூப்படத்தில் அந்தச் சிறு கறுப்பே இதழை வாட்டிவிடும். எனவே சோதனைத் துண்டைக் காயவைத்த பிறகே முடிவெடுக்க வேண்டும். ஒளிபடாமல் பதப்படுத்திய வெற்றுத் தாள் துண்டு ஒன்றை இதழின்மேல் வைத்துப் பாருங்கள். துண்டும் இதழும் பரவலாக ஒன்றாகத் தெரிந்தால் அங்கே பூ இல்லை, தாள்தான் இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை, இன்று கணினியில் எந்த நிறத்தையும் விரும்பிய சாம்பலாக்கலாமே என்பது வலுவான ஆட்சேபம். வசதி உண்மைதான், ஃபில்டர் முடிவைப் படமெடுத்த பிறகும் எடுக்க முடிகிறது. ஆனால் நெகட்டிவில் அளவுக்கு மேல் ஒளிபட்ட இதழில்கூட ஓரளவு விவரம் தங்கும். டிஜிட்டல் சென்சாரில் எல்லை தாண்டிய வெண்மை போனது போனதுதான். செம்பருத்தி போன்ற பூவில் சிவப்பு அலைவரிசை மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும். மொத்த ஒளி வரைபடம் அதைக் காட்டாமலும் போகலாம். பின்னொளி உள்ள திரை எந்த வெண்மையையும் அழகாக்கிக் காட்டுகிறது. தாளுக்கு அந்தச் சலுகை இல்லை. பூப்படப் போட்டிகளையும் கண்காட்சிகளையும் நடத்தும் சங்கங்களுக்கு என் வேண்டுகோள்: கறுப்பு வெள்ளைப் பிரிவுக்குக் கோப்புகளை வாங்கித் திரையில் தீர்ப்பளிக்காதீர்கள். தாளில் அச்சிட்ட பிரதியைக் கேட்டு வாங்கி, சாதாரண அறை வெளிச்சத்தில் கையில் பிடித்துப் பார்த்துப் பரிசு கொடுங்கள்.