குழலின் மறுமுனையில்: வேட்டை இலக்கியம் குறித்துச் சில சிந்தனைகள்

வேட்டைக் கதைகளுக்கு மயங்காத வாசகர் அரியர். பள்ளிச் சிறுவன் முதல் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் வரை, புலி பதுங்கும் பக்கத்தை எட்டியபின் நூலைக் கீழே வைப்பவர் எவரும் இலர். மேகமலையும் வருசநாட்டு மலைகளும் சூழ, வைகை அணையின் நீரை நம்பி வாழும் நமக்கு இம்மயக்கம் சற்று மிகுதி. காடு நமக்கு அண்டை வீடு. இரவில் தோட்டத்திற்குள் இறங்கும் காட்டுப்பன்றி நம் உழவரின் நாளைய சோற்றோடு தொடர்புடையது. எனவே துப்பாக்கி ஏந்தியவர்கள் எழுதிய இலக்கியத்தை எவ்வாறு படிப்பது என்னும் வினா, இப்பள்ளத்தாக்கில் வாழ்க்கை வினாவாகவும் ஆகிவிடுகிறது.

இருவரை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒருவர், நைனிதாலில் 1875ஆம் ஆண்டு பிறந்த ஜிம் கார்பெட். 1944இல் வெளிவந்த 'குமாவுன் ஆட்கொல்லிகள்' என்னும் ஆங்கில நூலால் உலகப் புகழ் பெற்றவர். மற்றவர் கென்னத் ஆண்டர்சன். 1910இல் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 1974இல் அங்கேயே மறைந்தவர். ஒசூர், தளி, பென்னாகரம் பகுதிக் காடுகளைத் தம் கைரேகை போல் அறிந்தவர். 'ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு மதயானையும்' என்னும் அவரது முதல் நூல் 1954இல் வெளிவந்தது. இருவருமே துப்பாக்கியை நேசித்தவர்கள். கார்பெட்டின் .275 ரிக்பி துப்பாக்கியும், ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் துப்பாக்கியும் அவர்தம் வாசகர்களுக்கு ஏறக்குறைய கதைமாந்தர்களாகவே பழகிப்போனவை.

காயம் எங்கிருந்து வந்தது?

இவ்விரு நூல்களின் முதற்கதைகளை அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். கார்பெட்டின் முதற்கதை சம்பாவத் பெண்புலியைப் பற்றியது. நேபாளத்தில் 200 பேர், குமாவுனில் 236 பேர் என 436 மனிதரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட விலங்கு அது. 1907இல் கார்பெட் அதனைச் சுட்டு வீழ்த்துகிறார். ஊரே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அவர் குனிந்து அதன் வாயைப் பார்க்கிறார். வலப்புறத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருக்கின்றன. பழைய துப்பாக்கிக் காயம் அது. இயல்பான இரையைக் கொல்ல இயலாமற்போனமையே அப்புலியை மனிதர்பால் திருப்பியது என்கிறார் ஆசிரியர்.

ஆண்டர்சனின் முதற்கதை ஒசூரை அடுத்த ஜவளகிரியில் நிகழ்வது. துணையை இழந்த பெண்புலி ஒன்று காடெங்கும் கூவித் திரிகிறது. மனிதரைத் தின்னும் பழக்கம் அதற்கு அதுவரை இல்லை. வேட்டை விரும்பி ஒருவர் அதனைச் சுடுகிறார். புலி சாகாமல் காயத்துடன் தப்புகிறது. அதன்பின்னரே ஆட்கொல்லியாகிறது. இறுதியில் ஆண்டர்சன் ஆண்புலியின் குரலைத் தாமே எழுப்பி, அதனைத் தம் குழலுக்கு முன் வரவழைத்துக் கொல்கிறார். அன்பைத் தேடி வந்த உயிரை அன்பின் குரலைக் கொண்டே வீழ்த்தும் அக்காட்சியைப் படித்து முடிக்கையில், வெற்றிக் களிப்பைவிட நெஞ்சுறுத்தலே நமக்கு மிஞ்சுகிறது.

ஆட்கொல்லியை ஒழித்தது துப்பாக்கி; அதனை ஆட்கொல்லியாக்கியதும் துப்பாக்கியே. தான் உண்டாக்கிய நோய்க்குத் தானே மருந்தாக வந்து நன்றியும் பெற்றுச் செல்லும் கருவி அது. இவ்வுண்மையை இவ்வாசிரியர்கள் மறைக்கவில்லை. குழலின் மறுமுனையில் இருந்த உயிருக்கும் ஒரு வரலாறு உண்டு என்று குனிந்து பார்த்தார்கள். இவர்களைச் சாதாரண வேட்டைக்காரர்களிடமிருந்து பிரித்து இலக்கியவாதிகளாக்குவது அக்குனிதலே என்பது நம் துணிபு. எத்தனை அடி நீளம், எத்தனை தோட்டா என்று மட்டும் எழுதிய அக்காலத்துப் பிரபுக்களின் வேட்டைக் குறிப்புகளை இன்று யார் படிக்கிறார்கள்?

சட்டமும் சாகசமும்

எனினும் இந்நூல்களில் ஓர் இடைவெளியும் உண்டு. சம்பாவத் கிராமத்து மக்கள் நாள்கணக்கில் கதவடைத்துக் கிடக்கிறார்கள், ஒரு வெள்ளையர் துப்பாக்கியுடன் வருகிறார், மீட்பு கிட்டுகிறது. அம்மக்கள்பால் கார்பெட் கொண்டிருந்த அன்பு மெய்யானது. ஆனால் அவர்கள் கையில் ஏன் துப்பாக்கி இல்லை என்னும் வினாவை அவர் அழுத்திக் கேட்பதில்லை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் அச்சம் நீங்காத ஆங்கில அரசு, 1878இல் ஆயுதச் சட்டம் இயற்றியது. இந்தியர் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. எனவே வேட்டை நாயகரின் வீரத்தில் ஒரு பங்கு அவருடைய நெஞ்சுரத்தைச் சாரும். மறுபங்கு அச்சட்டத்தைச் சாரும்.

துப்பாக்கி ஆர்வலர்கள் இவ்விடத்தில் ஒரு வாதத்தை முன்வைப்பதுண்டு. அண்ணல் காந்தியே ஆயுதச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார் அல்லவா என்பார்கள். உண்மைதான், 1918இல் போருக்கு ஆள் திரட்டிய காலத்தில் அவர் அவ்வாறு எழுதினார். ஒரு மக்களினத்தை நம்பத் தகாதவர் என முத்திரை குத்திய இழிவை எதிர்த்த குரல் அது. அதே அண்ணல் பின்னர் மேற்கொண்ட வழியையும், 1948 சனவரி 30 அன்று ஒரு கைத்துப்பாக்கியின் முன் அவர் வீழ்ந்ததையும் விட்டுவிட்டு அவ்வொரு கருத்தை மட்டும் எடுத்தாள்வது நேர்மையாகாது.

ஆயினும் அவர்கள் வாதத்தை முற்றிலும் தள்ளிவிடவும் கூடாது. குடகு மக்கள் துப்பாக்கியைக் குடும்பச் சொத்தாகப் போற்றி, கைல்போது விழாவில் அதற்கு மலர் சூட்டுகிறார்கள். அவர்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கும் உண்டு. அது ஒரு சமூகத்தின் பண்பாடு. நம் மலையடிவாரத்து வாழைத் தோட்டக்காரரின் துயரமும் பொய்யன்று. ஓராண்டு உழைப்பை ஓரிரவில் பன்றிக்கூட்டம் உழுது போட்ட நிலத்தின் முன் நிற்பவரிடம் புலிக்கதைகளின் நயம் பேச முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டைக் காத்தது. காட்டோரத்து உழவரின் இழப்பை அது தீர்க்கவில்லை. 2025 சனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் மட்டும் சுடலாம் என ஆணையிட்டது இத்துயரத்தை முன்னிட்டே.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். தேவைக்காகச் சுடுபவர் சுட்டு முடிந்ததும் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிடுவார். இன்பத்திற்காகச் சுடுபவருக்கு அடுத்த இலக்கு வேண்டும். கள்ளத்தனமாக மருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியும், பன்றிக்கென இழுத்துவிடும் மின்கம்பியும் தேவையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகின்றன. ஆனால் அவை யாரைக் கொல்லும் என்பதை அவற்றை வைத்தவரே அறியார். காயம்பட்டு ஓடிய விலங்கு யார் வாசலில் போய் நிற்கும் என்பதை ஜவளகிரிக் கதை நமக்குச் சொல்லிவிட்டது.

மிதிபட்ட வண்ணத்துப்பூச்சி

விளைவறியாமல் விசையை அழுத்துதல் என்னும் இதே பொருளை, காட்டிற்கே செல்லாமல் எழுதியவர் அமெரிக்க அறிவியற் புனைகதையாளர் ரே பிராட்பரி. 1952இல் வெளிவந்த அவரது 'இடியோசை' என்னும் சிறுகதையில், ஒரு நிறுவனம் பணக்காரர்களைக் காலப் பொறியில் ஏற்றிப் பல கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காட்டிற்கு அழைத்துச் செல்கிறது. அங்கே மாபெரும் டைனோசரைச் சுடலாம். சில நிமிடங்களில் தானே சாகப்போகும் விலங்கை மட்டுமே சுட வேண்டும். தரையில் படாமல் மிதக்கும் உலோகப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. எல்லாம் கணக்கிடப்பட்ட, பாதுகாப்பான வேட்டை.

விலங்கைக் கண்டதும் வேட்டைக்கு வந்தவர் நடுங்கிப் பாதையை விட்டு இறங்கிவிடுகிறார். அவர் மிதியடியின் கீழ் ஒரு வண்ணத்துப்பூச்சி நசுங்குகிறது. தம் காலத்திற்குத் திரும்பி வந்தால் மொழியின் எழுத்துக்கூட்டே மாறியிருக்கிறது. அவர்கள் புறப்பட்டபோது தேர்தலில் தோற்றிருந்த கொடுங்கோலன் இப்போது வென்றிருக்கிறான். வேட்டை, அரசியல், அறிவியற் புனைவு மூன்றையும் சில பக்கங்களுக்குள் இவ்வளவு இறுகப் பிணைத்த கதை வேறொன்று இருப்பதாக நாம் அறியோம். கார்பெட் குனிந்து பார்த்த உடைந்த பல்லையும் பிராட்பரி காட்டும் சிறு பூச்சியையும் நாம் ஒரே வரிசையில் வைக்கிறோம். சுடுபவரின் கணக்கில் வராத ஒன்று எப்போதும் உண்டு என்பதே இரண்டின் செய்தி.

இது அயல்நாட்டுக் கற்பனை என்று ஒதுக்கிவிட நம்மால் இயலாது. 1967 சனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர். இராதாவின் துப்பாக்கிக் குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. அடுத்த மாதம் பொதுத்தேர்தல். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த அவரது படம் தமிழகமெங்கும் ஒட்டப்பட்டது. மக்கள் கண்ணீருடன் வாக்களித்தனர். அவரது குரல் மாறியது, செல்வாக்கு வளர்ந்தது. 1984இல் அயல்நாட்டு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவாறே அவர் வென்ற தொகுதி, நம் வைகை அணை அமைந்த ஆண்டிப்பட்டி. ஓர் அறைக்குள் நிகழ்ந்த சினத்தின் ஒரு கணம் வெளியே எங்கெல்லாம் எதிரொலிக்கும் என்பதை விசையை அழுத்தியவர் எண்ணியிருக்க முடியாது.

நம் சுஜாதாவும் 'என் இனிய இயந்திரா'வில் கொடுங்கோன்மையைப் பற்றி எழுதினார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அப்புதினத்தில், நாட்டையே ஆட்டிப்படைக்கும் ஜீவா இறுதியில் வெறும் ஒளியுருவம் எனத் தெரியவருகிறது. ஒளியைச் சுட்டு வீழ்த்த எத்தோட்டா உண்டு? ஒரு மனிதனை வீழ்த்தினால் அநீதி வீழும் என்னும் நம்பிக்கையின் மீது வைக்கப்பட்ட கூரிய விமரிசனமாகவே நாம் அதனைக் கொள்கிறோம்.

மான் பேசிய கதை

நம் திருச்சபை மரபு இது குறித்து மௌனமாக இருந்ததில்லை. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் குருக்கள் வேட்டையாடுவதைத் தடை செய்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 138ஆம் எண், ஆரவார வேட்டையை அவர்களுக்கு முற்றிலும் மறுத்தது. அச்சத்திற்குத் தக்க காரணமின்றி ஆயுதம் தாங்கவும் கூடாது என்றது. பொதுநிலையினருக்கு அத்தடை விதிக்கப்படவில்லை. உணவிற்காகவும் காவலுக்காகவும் வேட்டை வேண்டியிருந்ததைத் திருச்சபை அறிந்திருந்தது.

சட்டத்தைவிட ஆழமாகப் பேசுவது புனித எஸ்தாக்கியாரின் மரபுக்கதை. உரோமைப் படைத்தலைவர் பிளாசிதுஸ் வேட்டையில் ஒரு மானைத் துரத்துகிறார். மான் திரும்பி நிற்கிறது. அதன் கொம்புகளுக்கிடையே சிலுவை ஒளிர்கிறது. கிறிஸ்துவின் குரல் கேட்கிறது. அம்பு நாணிலேயே நின்றுவிடுகிறது. வேட்டைக்காரர் எஸ்தாக்கியார் ஆகிறார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க நாட்டுக்கூத்து மரபு இக்கதையை ஆடிப்பாடிப் போற்றியிருக்கிறது. குறிபார்த்த கண் முகத்தைப் பார்க்கத் தொடங்கும் கணமே இக்கதையின் உயிர். கார்பெட் துப்பாக்கியின் இடத்தில் திரைப்படக் கருவியை ஏந்தியபோதும், ஆண்டர்சனின் பிற்கால நூல்களில் கானகம் அழிகிறதே என்னும் ஏக்கம் மிகுந்தபோதும், அக்கணத்தின் சாயலையே நாம் காண்கிறோம்.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. வைகைக் கரையில், ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை அவை. ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் மாண்டவனுக்கு எடுக்கப்பட்டது. விழுந்தவனின் பெயரைக் கல்லில் எழுதி வைத்தார்கள் நம் முன்னோர். இறந்த புலியின்மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்ட பிற்காலத்தார் கொன்றவரின் பெயரைச் சட்டமிட்டு மாட்டினார்கள். எந்த நினைவுச் சின்னத்தின் முன் நம் பிள்ளைகளை நிறுத்துகிறோம் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2023 மே மாதம் அரிக்கொம்பன் என்னும் யானை கம்பம் நகருக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. உயிரிழப்பும் நேர்ந்தது. அச்சமும் சினமும் எங்கும் நிறைந்திருந்தன. சூன் 5 அன்று அதன்மேல் பாய்ந்தது மயக்க ஊசி. யானை வேறு காட்டிற்கு அனுப்பப்பட்டது. அதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. துப்பாக்கியின் வடிவம் அதேதான். ஆனால் அதன் மறுமுனையில் நின்ற உயிரும் வாழ வேண்டும் என்று ஒரு சமூகம் முடிவு செய்தது.

ஆகவே கார்பெட்டையும் ஆண்டர்சனையும் பிராட்பரியையும் நம் இளைஞர் கையில் தயங்காமல் கொடுக்கலாம். அஞ்சாமையும் பொறுமையும் கூர்ந்து நோக்கும் கண்ணும் அவர்களிடம் கற்கத் தக்கவை. துப்பாக்கியின் பெயரையும் தோட்டாவின் கணக்கையும் பிள்ளைகள் ஆர்வத்தோடு சொல்லும்போது, சுடப்பட்ட உயிருக்கு என்ன நேர்ந்தது, அதற்கு முன் அதற்கு என்ன நேர்ந்திருந்தது என்று நாம் அவர்களைக் கேட்போம். நல்ல நூல்கள் அவ்வினாவிற்கு விடை வைத்திருக்கின்றன. விடை வைத்திராத நூல்களை அதைக் கொண்டே அடையாளம் காணலாம்.