ஓரடி தள்ளி ஒரு முடிச்சு

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் வாசலில் பூக்கட்டும் பெண்ணின் விரலுக்கு நார் எங்கே இறுகுகிறது என்று தெரியும். அதே பகுதியில், கோஷா ஆஸ்பத்திரி என்று ஊர் அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில், சிறு துளை வழியே லேப்ராஸ்கோப்பி அறுவை செய்யும் மருத்துவரின் கைக்கு அந்த வசதி இல்லை. ஓரடி நீளக் கருவியின் நுனிதான் அவருக்கு விரல்.

தொப்புளருகே ஒரு சென்டிமீட்டர் கீறல். மெல்லிய இரைச்சலோடு கார்பன் டை ஆக்சைடு உள்ளே போக, வயிறு கூடாரம்போல் எழுகிறது. கேமரா நுழைந்ததும் திரையில் இளஞ்சிவப்பாய்க் கருப்பை, முத்துவெண்மையில் சூலகம், ஈரம் மினுங்கும் குடல். லென்ஸில் பனி படர்ந்தால் வெந்நீரில் நனைத்துத் துடைத்து மறுபடி நுழைக்கிறார்கள். வெளியே கை இடப்பக்கம் போனால் உள்ளே நுனி வலப்பக்கம் போகும். ஆழம் காட்டாத தட்டைத் திரையைப் பார்த்தபடியே வளைந்த ஊசியைத் திருப்பி, நூலைச் சுற்றி, இறுக்க வேண்டும். அதற்காகவே பயிற்சிப் பெட்டிக்குள் மணிகளை இடம் மாற்றி மாற்றிக் கைகள் மாதக்கணக்கில் பழகுகின்றன. எல்லா நோய்க்கும் இந்த முறை பொருந்தாது; சில வயிறுகளைத் திறந்தே ஆக வேண்டும். பொருந்தியவர்களில் பலர் மறுநாளே மெல்ல எழுந்து நடக்கிறார்கள், வயிற்றில் மூன்று நான்கு சின்னப் பிளாஸ்திரிகளோடு.