கடைசிக் காட்சி தெரிந்த கை

யஸ்மின் அஹ்மத் ஈப்போவில் எடுத்த 'டேலன்டைம்' (2009) படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அதன் திரைக்கதை முழுசாகப் பிடிபடும். பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டி என்றதும் பரிசு யாருக்கு என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். யஸ்மின் எழுதியதோ வேறு ஒரு முடிவை நோக்கி.

போட்டியில் பாட வரும் மேலூர் என்ற மலாய்ப் பெண்ணை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போகும் தமிழ்ப் பையன் மகேஷுக்குக் காது கேட்காது. இப்படி ஒருவனைக் காதலனாக வைத்த பிறகு, இந்தக் காதல் பாட்டில் போய் முடியவே முடியாது. கடைசியில் மேலூர் மேடையில் பாட்டைத் தொடர முடியாமல் எழுந்து போகிறாள். மகேஷ் பின்னாலேயே போய்க் கைகளால் பேசுகிறான்.

அந்த இடத்துக்கு வழி போட்டு வைத்தவர் மகேஷின் தாய்மாமன் கணேஷ். அவர் தன் கல்யாண நாளிலேயே கொல்லப்படுகிறார். அந்தத் துயரம்தான் மகேஷின் அம்மாவை முஸ்லிமான மேலூருக்கு எதிராக நிறுத்துகிறது. சுகன்யா வேணுகோபால் நடித்த அந்த அம்மாமீது நமக்குக் கோபமே வராது. அதே மாமன் ஒரு காலத்தில் முஸ்லிம் பெண்ணைக் காதலித்து இழந்தவர். படத்தில் சில நிமிடங்களே வரும் அந்தப் பழங்கதையை எடுத்துவிட்டால், மகேஷ் எழுந்து போவது வெறும் பிடிவாதமாகிவிடும். என்னைக் கேட்டால், முடிவு தெரியாமல் எழுதுகிறவருக்கு இந்த மாமன் கிடைத்திருக்கவே மாட்டார்.

அதே மேடையில் தாயை இழந்த ஹபீஸ் பாடுகிறான். அவனைப் போட்டியாளனாகவே பார்த்துவந்த சக மாணவன் ககோ, எர்ஹு என்ற சீன நரம்பு வாத்தியத்தோடு வந்து சேர்ந்து வாசிக்கிறான். அதன்பின் பரிசைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்?

முடிவுக்கு இப்படி முன்கூட்டியே வழி போடுவதைத் தமிழ்நாட்டுப் படங்களிலும் பார்க்கலாம். பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'யில் (1982) கடைசியில் வரும் ரயில் நிலையத்துக் குரங்காட்டம் நெஞ்சை அறுப்பதற்குக் காரணம், நாயகியைச் சிரிக்க வைக்க நாயகன் முன்பே அதை ஆடியிருக்கிறான் என்பதுதான்.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) எடுத்துக்கொண்டது இதைவிடக் கடினமான காரியம். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வான தமிழ்ப் படம் அது. 1990களில் தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தின் கதை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்த பேராக்கில், லயம் என்ற தோட்டக் குடியிருப்பை விட்டுக் கிளம்பிய குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் குண்டர் கும்பல்களில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முடிவு அங்கே பார்வையாளருக்கே தெரியும். அதனால் படம் திருப்பத்தைத் தேடவில்லை. மகன் படித்து முன்னேற வேண்டும் என்று அப்பா அடிக்கும் ஒவ்வோர் அடியும் சிறுவன் அப்போயைக் குண்டர் கும்பலின் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. அவனுடைய கற்பனை வெளிப்படும் காட்சிகளில் மட்டும் இயக்குநர் அவசரப்படுவதே இல்லை. வீணாகப் போகிற திறமை எவ்வளவு பெரியது என்பதை நாம் முதலில் கண்ணால் பார்த்தாக வேண்டும் அல்லவா?