தேம்பாவணியில் தாழ்மையின் முடி

வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்திற்குத் தன்னிகரற்ற தலைவனை வேண்டுகிறது. முனிவரோ, தாவீதின் மரபினராயினும் நாடாளாத தச்சராகிய சூசையைத் தலைவராக்கினார். நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத அவர், இங்கு வளன் எனும் பெயரில் அறம் உரைக்கிறார். அணிநலம் மிகும் இடங்களில் அம்மௌனத்தின் ஆழம் குறைவதை மறுப்பதற்கில்லை. எனினும், நாட்டுப் படலமும் நகரப் படலமும் காட்டும் வளத்தில் அவருக்கு ஆட்சியுரிமை இல்லை. செபமும் கைத்தொழிலும் பொறுமையுடன் ஏற்ற நோயுமே அவர் வாழ்வு. முடிசூட்டு, இறப்பிற்குப் பின்னர், இறுதிப் படலத்திலேயே நிகழ்கிறது. தன்னிகரின்மைக்குத் தாழ்மை எனப் புதுப்பொருள் தந்ததே இக்காப்பியத்தின் சாதனை எனலாம். மலாக்காவின் பாயா ரும்புட் வட்டாரத் தோட்ட மரபில் வந்த மாணவர்க்கு, உழைப்பாளியைத் தலைவனாக்கிய இந்நூலை ஆசிரியர்கள் சமய எல்லை கடந்து அறிமுகப்படுத்துதல் தகும்.